பார்க்கக்கூடியவர்கள்

எங்கள் அலுவலகம் வேலணையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. முன் விறாந்தையிலும் நடு அறையிலும் மேசைகள், பின்னுக்குத் தேத்தண்ணி வைக்கிற குசினி, அதற்குப் பக்கத்து அறை முழுக்கக் குழாய்களும் சீமெந்துப் பைகளும். நல்ல தண்ணீர் இல்லாத தீவுப்பகுதி வீடுகளுக்கு மழைநீர்த் தாங்கி கட்டிக் கொடுக்கிற திட்டம் அது. நான் சரவணையிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோவேன். யார் எந்த நாளில் எந்தத் தீவுக்குப் போவது, எந்த வீட்டுத் தாங்கி எந்த மட்டில் நிற்கிறது என்று ஒழுங்குபடுத்துவது என் வேலை.

முதலில் அதையெல்லாம் தொலைபேசியிலும் சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையிலும்தான் செய்தோம். பிறகு கொழும்பிலிருந்து ஒரு மென்பொருளைத் தந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பக்கம், வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கங்களில் எங்களுக்கு என்ன விபரம் வேண்டுமோ அதற்கு ஒரு இடத்தை நாங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். கிணற்று நீர் உவர்ப்பா, கூரை ஓடா தகரமா, வீட்டில் எத்தனை பேர், இப்படி. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ‘பெட்டி’ என்றே சொன்னார்கள். புதுப் பெட்டி போடுவதும் பெட்டியின் பெயரை மாற்றுவதும் என்னிடம் வந்து சேர்ந்தன. ஆரம்பத்தில் எல்லாப் பெட்டியும் எல்லோருக்கும் தெரிந்தது. அதில் ஒரு பிழையிருக்கிறது என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

பிழையிருக்கிறது என்று முதலில் வந்து சொன்னவ அக்காதான்.

அக்கா என்று நான் சொல்வது என் கூடப்பிறந்தவவை அல்ல. எங்களோடு வெளிக்கள வேலை செய்த, என்னைவிடச் சில வயது மூத்த ஒருத்தி. நெடுந்தீவுக்காரி, வேதக்காரர், கத்தோலிக்கக் குடும்பம். கலியாணம் செய்யவில்லை. வேலணையில் கோயிலுக்குப் பின்னால் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தா. குரல் உயர்த்தாமல் கதைப்பா, ஆனால் நினைத்ததைச் சொல்லாமல் விடமாட்டா. அவவின் தம்பியும் எங்கள் திட்டத்தில்தான் இருந்தான். நெடுந்தீவிலேயே குடும்பத்தோடு இருந்து அங்கே நடக்கிற தாங்கி வேலைகளைப் பார்த்துக்கொண்டான். அவன் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிடுவான். நான் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டேன்.

அன்று அக்கா நெடுந்தீவிலிருந்து திரும்பி வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு முன்னால் நின்றா. அங்கே ஒரு வீட்டில் மகன் காணாமல் போன ஒரு தாய் இருந்தா. குடும்ப விபரம் எடுத்தபோது அந்தத் தாய் அதை அக்காவிடம் மெல்லச் சொல்லியிருக்கிறா. அக்கா அதை உரிய பெட்டியில் எழுதியிருக்கிறா. அந்த வீட்டில் வேலைக்குப் போன மேசன் ஒருவர் தன் போனில் அதைப் பார்த்துவிட்டு, சீமெந்து குழைத்தபடியே, மகனைப் பற்றி ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்டாராம். கெட்ட மனதோடு கேட்டதல்ல. ஆனால் அந்தத் தாய் கிணற்றடியில் போய் நின்று அழுதாவாம்.

“நான் எனக்குத்தான் சொல்லுறா எண்டு நினைச்சு எழுதினனான்,” என்றா அக்கா. “தாங்கி கட்ட வாறவருக்கு அது ஏன் தெரியவேணும்?”

அன்று பின்னேரம் முழுக்க நான் அந்த மென்பொருளின் அமைப்புகளைத் துழாவினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே, அதைப் பார்க்கக்கூடியவர்கள் யார் என்று குறிக்க ஒரு இடமிருந்தது. எல்லோரும் என்பதை எடுத்துவிட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டும். சேர்க்காதவர்களுக்கு அந்தப் பெட்டி இருப்பதே தெரியாது. வெறுமையாகவும் தெரியாது, பூட்டுப் போட்ட மாதிரியும் தெரியாது. அதை அக்காவுக்குக் காட்டினபோது, இப்படித்தான் இருக்கவேண்டும் என்று தலையாட்டினா. அடுத்த படகில் போய் அந்தத் தாயிடம், இனி அது தனக்கும் அலுவலகத்தில் இன்னொருத்திக்கும் மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தா. எனக்கு அதற்கு முன்னர் அக்காவில் மரியாதை இருந்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் சிநேகிதம் ஆனோம். மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகப் பிரித்துச் சாப்பிடுவோம். அவ கொண்டுவருகிற மீன் குழம்புக்காகவே நான் வெறும் சோற்றோடு போன நாட்கள் உண்டு.

சில மாதங்கள் போயிருக்கும். மற்றவர்கள் எல்லோரும் நயினாதீவுக்குப் போயிருந்த ஒரு காலமை, அக்கா வந்து என் மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. தன்னுடைய பக்கத்தில் ஒரு பெட்டி போட்டுத் தர ஏலுமா என்று கேட்டா. தானும் நானும் மனேஜரும் மட்டும் பார்க்கிற மாதிரி.

என்னத்துக்கு என்று கேட்டேன். நான் சிரித்துக்கொண்டு கேட்டதாக ஞாபகம். சம்பள விசயம் ஏதோ என்று நினைத்திருப்பேன்.

“நான் தெல்லிப்பழைக்குப் போகத் தொடங்கிட்டன்,” என்றா.

யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊரின் பெயரே அந்த வருத்தத்தின் பெயராகிவிட்டது. நான் அவவின் கையைப் பிடித்தேன். அவ கையை விடுவித்துக்கொண்டு, அழவேண்டாம், இதை முதலில் செய்து முடிப்போம் என்றா. மார்பில் கட்டி. மருந்து ஏற்றத் தொடங்கப் போகிறார்கள். ஏற்றின பிறகு சில நாட்களுக்குப் படகில் போக ஏலாது, வெயிலில் நிற்க ஏலாது. என்னை அந்த நாட்களில் தீவுகளுக்குப் போடாதீர், ஆனால் ஏன் போடவில்லை என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றா.

இரண்டு பெட்டி போட்டேன். ஒன்று எல்லோருக்கும் தெரிவது. பயணத்துக்கு வரலாம், வர ஏலாது என்பது மட்டும் அதில் இருக்கும். மற்றது காரணத்துக்கு. காரணத்தை அவவே தட்டச்சில் அடித்தா. நான் பெயர்களைச் சேர்த்தேன். அவவின் பெயர், என் பெயர், மனேஜரின் பெயர். எங்கள் மனேஜர் யாழ்ப்பாண நகரத்திலிருந்து வருகிற, அதிகம் பேசாத மனிதர். அவருக்கு அக்கா ஏற்கனவே சொல்லியிருந்தா.

“தம்பிக்கு?” என்று கேட்டேன்.

“அவனுக்கு வேண்டாம்.”

காரணத்தை அவவே சொன்னா. அவர்களின் தகப்பனும் இதே வருத்தத்தில்தான் போனவர். கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்து கழுவித் துடைத்துப் பார்த்தவன் தம்பி. அக்கா அப்போது வன்னிப் பக்கத்தில் வேலையில் இருந்தா. இப்போது தம்பியின் மனுசி பிள்ளைத்தாய்ச்சி. முதல் தங்கின பிள்ளை நிற்கவில்லை. இந்தமுறை அவன் பயந்து பயந்து நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான். தனக்கு இப்படி என்று தெரிந்தால் மனுசியைத் தீவில் விட்டுவிட்டுத் தன் பின்னால் ஓடி வருவான் என்றா. பிள்ளை பிறக்குமட்டும் வேண்டாம் என்றா.

எல்லாம் முடிந்த பிறகு அவவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த மென்பொருளில், இன்னொருவர் பார்த்தால் எப்படித் தெரியும் என்று பார்க்கிற வசதி இருந்தது. தம்பியின் பெயரைத் தெரிவு செய்து அவவின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னா. காட்டினேன். பெயர், பதவி, தொலைபேசி எண், பயணத்துக்கு வரலாமா இல்லையா. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினா.

அந்த மாதங்களில் நான் பயண ஒழுங்கு போடும்போதெல்லாம் முதலில் அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பேன். அக்கா ஆஸ்பத்திரித் திகதிகளை அதிலேயே மாற்றி மாற்றி எழுதுவா. சிலவேளை ஒரு சொல் கூடியிருக்கும்: காய்ச்சல், இரத்தம் குறைவு, வாயில் புண். பக்கத்து மேசையில் இருந்துகொண்டே அவ அதை எழுதுவா. நான் என் மேசையில் இருந்து வாசிப்பேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கமாட்டோம். மற்றவர்கள் தாங்கி மூடி வந்துவிட்டதா, கூலி போட்டாயிற்றா என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

சில தடவைகள் தெல்லிப்பழைக்கு அவவோடு நானும் போனேன். அலுவலக வாகனத்தில் போனால் சாரதிக்குத் தெரிந்துவிடும் என்று பஸ்ஸில்தான் போவா. யாழ்ப்பாணம் போய், அங்கே மாறி ஏறவேண்டும். ஒருமுறை திரும்பி வரும்போது, பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறினதும் அவவுக்குச் சத்தி வந்துவிட்டது. ஆயத்தமாகக் கொண்டுவந்த பையில் எடுத்து, வாயைத் துடைத்து, பையை இறுக்கி முடிந்தா. பிறகு, சுருவில் ஊர்ப் பக்கம் கட்டின ஒரு தாங்கிக்குக் குழாய் தாழ்வாக வைத்துவிட்டார்கள், வாளி வைக்க இடமில்லை, அதை மாற்றவேண்டும் என்று சொன்னா. நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். கடல் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது. பார்க்கக் கண் கூசியது.

முடி கொட்டத் தொடங்கியதும் அக்கா அதை முழுதாக எடுத்துவிட்டா. தம்பியின் பிள்ளை சுகமாய்ப் பிறக்கவேண்டும் என்று நேர்த்தி வைத்து முடி கொடுத்தேன் என்று அலுவலகத்தில் சொன்னா. தம்பிக்கும் வீடியோவில் தலையைக் காட்டி அப்படியே சொன்னா. அவன் அதைக் கேட்டு அழுதானாம். அடுத்தமுறை அலுவலகம் வந்தபோது எனக்கும் சொன்னான், எங்கட பிள்ளைக்காக அக்கா முடி குடுத்தவ என்று. நெடுந்தீவில் தெரிந்த ஆட்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தான். அன்று அவன் போகும்போது கதவடியில் நின்று, அக்காவை ஏன் மிஸ் இப்ப எங்கட பக்கம் போடுறீங்கள் இல்லை என்று கேட்டான். அலுவலக வேலை கூடிவிட்டது, அக்காதான் அதைப் பார்க்கிறா என்றேன். அது பொய்யில்லை. அக்கா அப்போது மேசையோடிருந்து செய்யக்கூடிய வேலையெல்லாவற்றையும் தன்னிடம் இழுத்துக்கொண்டுதான் இருந்தா.

பிள்ளை தவக்காலத்தில் பிறந்தது. பெண் பிள்ளை. கடல் கடந்து போக நேரம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தம்பி மனுசியை முன்கூட்டியே யாழ்ப்பாணத்துக்குக் கூட்டி வந்து, சொந்தக்காரர் வீட்டில் வைத்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு அக்காவும் நானும் போனோம். அக்கா அப்போது நன்றாக மெலிந்திருந்தா. தம்பி அவவைப் பார்த்துவிட்டு, தவக்காலமென்று ஒருசந்தி நோன்பு இருந்து உடம்பைக் கெடுக்கவேண்டாம் என்று கடிந்தான். அக்கா ஓம் என்றா. பிள்ளையை வாங்கி மடியில் வைத்து, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க எழும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினா. வருத்தம் எலும்புக்குப் போய்விட்டதென்று முந்தின கிழமைதான் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல் பெட்டியில் இருந்தது. மனேஜரும் நானும் வாசித்திருந்தோம். அந்த வார்ட்டில், அக்காவைத் தவிர அதை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

தம்பி மனுசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குத் திரும்பினான். அக்கா சொல்லப் போகிறா என்று நான் காத்திருந்தேன். பிள்ளை பிறக்குமட்டும்தானே என்றிருந்தா. பிறகு ஞானஸ்நானம் முடியட்டும் என்றா. அது முடிந்தது. பெரிய வெள்ளி வந்தது, உயிர்த்த ஞாயிறும் போனது. ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒரு வாயும் வைக்காமல் இருந்தவ, அந்தப் பெட்டியில் அவன்ர பேரையும் போட்டு விடும் என்றா.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவனிடம் நேரே சொல்லுங்கோ அக்கா, அவன் அதை போனில் வாசிக்கிறது சரியில்லை என்றேன்.

“வாயால சொல்ல ஏலாமல் கிடக்கு,” என்றா. “எத்தினையோ தரம் போன் எடுத்தனான். பிள்ளை சிரிச்சது, பிள்ளை பால் கக்கினது எண்டு சொல்லுவான். அதைக் கேட்டிட்டு வைச்சிடுவன்.”

நான் வேண்டுமென்றால் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அதற்கும் வேண்டாம் என்றா. இன்னொரு ஆளின் வாயால் கேட்டால், அந்த ஆளுக்கு முன்னால் அவன் தன்னை அடக்கிக்கொண்டு நிற்கவேண்டி வரும். தனிய இருந்து பார்க்கட்டும் என்றா. மனேஜரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது அவவின் விசயம், அவ யாருக்குத் திறக்கச் சொல்கிறாவோ அவருக்குத் திறக்கவேண்டியதுதான் என்றார்.

அக்கா பக்கத்தில் இருக்கவே பெயரைச் சேர்த்தேன். மனேஜரின் பெயருக்குக் கீழே அவனுடைய பெயர் வந்து விழுந்தது. ஒரு கணத்து வேலை. அக்கா சாப்பாட்டை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனா.

நெடுந்தீவில் எல்லா இடத்திலும் போனுக்குச் சிக்னல் இல்லை. அவன் வேலை நடந்த பக்கத்தில் அறவே இல்லை. கட்டின வேலையின் படங்களை அனுப்புவதற்காகத் துறைமுகப் பக்கம் வரும்போதுதான் மென்பொருளைத் திறப்பான். அந்தக் கிழமை காற்று வேறு. படகு ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓடவில்லை. அக்கா வேலைக்கு வரவில்லை. நான் என் வேலையைச் செய்துகொண்டு, போன் அடிக்கிற ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டேன். அக்காவின் அறைக்குப் போய்ப் பார்த்தால், அவவும் போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தா. எடுத்தானோ என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் அவன் எனக்குத்தான் எடுத்தான். பின்னுக்குக் காற்று இரைகிற சத்தம் கேட்டது. தாங்கிப் படங்கள் அனுப்பியிருக்கிறேன், வந்ததா என்று முதலில் கேட்டான். வந்தது என்றேன்.

“மிஸ், அக்காவின்ர பக்கத்தில ஒரு புதுப் பெட்டி கிடக்குது,” என்றான். “ஆரோ நோயாளியின்ர விபரம். பிழையா இதில விழுந்திட்டுது போல. மற்ற ஆக்கள் பாக்கமுதல் எடுத்து விடுங்கோ.”

அவன் என் மீது அக்கறையோடு சொன்னான். நான் ஏதோ பிழைவிட்டுவிட்டேன், யாரும் அறியமுதல் சொல்லிவிடவேண்டும் என்ற குரல் அது. மேசைக்கு அப்பால் மனேஜர் என்னைப் பார்த்தார். நான் எழும்பிக் குசினிக்குள் போனேன்.

“பிழையில்லை தம்பி,” என்றேன்.

காற்றின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அக்காதான் உமக்குக் காட்டச் சொன்னவ என்றேன். ஓம் மிஸ் என்றான். வேறு ஏதோ வேலை விசயத்துக்குச் சொல்வது போல, ஓம் மிஸ், ஓம் மிஸ் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் காலமை படகு ஓடியது. குறிகட்டுவான் துறையில் இறங்கிப் பஸ் எடுத்து வேலணைக்கு வந்தவன், அக்காவின் அறைக்குப் போகாமல் முதலில் அலுவலகத்துக்கு வந்தான். வெளியிலேயே நின்றான். சேர்ட்டில் உப்புத்தண்ணீர் பட்டுக் காய்ந்த வெள்ளை இருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நான் விறாந்தைக்குப் போனேன்.

எப்ப இருந்து என்று கேட்டான். சொன்னேன். உங்களுக்கு எப்ப இருந்து தெரியும் என்று கேட்டான். அப்போதிருந்தே என்றேன்.

“அப்ப அந்த முடி?”

“அதுவும் இதாலதான், தம்பி.”

அவன் விறாந்தைத் திண்ணையில் இருந்துவிட்டான். நான் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தேன். அவன் அதைப் பார்க்கவும் இல்லை. நான் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன் என்றான். அப்பாவுக்கும் இப்படித்தான் முதலில் முடிதான் போனது, எனக்கு அது தெரியும், தெரிந்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்றான். அவன் அழவில்லை. உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழும்பிக் கோயில் பக்கமாக நடந்து போனான். நான் பின்னால் போகவில்லை. அந்த அறையில் அவர்கள் இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்காவும் பிறகு சொல்லவில்லை. தான் நேர்த்தி வைத்தது உண்மைதான், முடி கொட்டத் தொடங்கின அன்று, இது சும்மா போகக்கூடாது என்று பிள்ளைக்காக ஒப்புக்கொடுத்ததாகவும், அதை அவனுக்குச் சொன்னதாகவும் மட்டும் ஒருமுறை சொன்னா. அவன் அதை நம்பினானோ தெரியாது என்றா.

தம்பி லீவு எடுத்துக்கொண்டு வேலணையில் வந்து நின்றான். அதற்குப் பிறகு தெல்லிப்பழைக்கு அவன்தான் கூட்டிப் போனான். பஸ் இல்லை, ஓட்டோ பிடித்துப் போனார்கள். இனி மருந்து ஏற்றிப் பயனில்லை, நோவுக்கு மட்டும் குளிசை தரலாம் என்று டொக்டர்மார் சொன்னதும், அக்கா வீட்டுக்குப் போகவேண்டும் என்றா. குறிகட்டுவானுக்கு நானும் போனேன். தம்பி அவவைத் தூக்கிப் படகில் இருத்தினான். வெயில் படாமல் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அக்கா போர்வைக்குள் இருந்து என்னைப் பார்த்து, போம், வேலையைப் பாரும் என்று கையால் காட்டினா. படகில் ஆடுகளும் சீனி மூட்டைகளும் சனமும் நிறைந்திருந்தன. அது துறையை விட்டுத் திரும்பின பிறகு என்னால் அவவைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அங்கே அவ அதிக நாள் இருக்கவில்லை. இருந்த நாட்களில் பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திவிடுவார்களாம். பிள்ளை பிரளப் பழகினதை அக்கா பார்த்தாவாம். தம்பியின் மனுசிதான் பிறகு எனக்குச் சொன்னவ.

செத்தவீட்டுக்கு மனேஜரும் நானும் அலுவலகத்தில் உள்ள எல்லோரும் போனோம். காணாமல் போன மகனின் தாயும் வந்து, செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தா. அடக்கத்துக்குச் சேமக்காலைக்கு நடந்து போகும் வழியில் மனேஜர் குடையை எனக்குப் பிடித்தபடி வந்தார். தம்பி எங்களுக்குக் கதிரை போடச் சொன்னான், சோடா கொடுக்கச் சொன்னான், படகுக்கு நேரமாகிறதென்று ஆள் விட்டுச் சொல்வித்தான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்ததும் மனேஜர் மென்பொருளில் அக்காவின் கணக்கை மூடச் சொன்னார். மூடினேன். ஆனால் பெட்டியும் அதில் எழுதியதும் அப்படியே நின்றன. அழிப்பதா, விடுவதா? அவ இல்லாத நேரத்தில் அதை நான் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்காமல் அழிப்பதும் சரியில்லை. தம்பிக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, அழியுங்கோ என்று மட்டும் பதில் வந்தது. அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை வாசித்தேன். திகதிகள், காய்ச்சல், இரத்தம் குறைவு, வாயில் புண், எலும்பு. கடைசியாக அவ எழுதியிருந்தது, வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வருவேன் என்று. வந்திருந்தாவா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அழித்தேன்.

தம்பி திரும்பவும் வேலையில் சேர்ந்தான். வேலையில் குறை சொல்ல ஏலாது. படங்கள் நேரத்துக்கு வரும், கணக்குச் சரியாக இருக்கும். ஆனால் ஏதாவது கேட்கவேண்டுமென்றால் மனேஜருக்குத்தான் எடுப்பான். நான் அதைப் பொறுத்துக்கொண்டேன்.

திட்டம் முடிந்து நெடுந்தீவில் தாங்கிகளைக் கையளித்த நாளில் நானும் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு, ஒரு வீட்டுக் கல்வேலி ஓரத்தில் நின்று படகு நேரத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன். தம்பி பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வழியால் வந்தான். என்னைக் கண்டு நின்றான். பிள்ளை நன்றாக வளர்ந்து, தலை நிறையச் சுருட்டை முடியோடு இருந்தது. நான் கையை நீட்டினேன். அது தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. புது ஆக்களிட்டப் போகமாட்டாள் என்றான். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவன் என்னோடு நேரே கதைத்த முதல் சொல் அது.

பிறகு அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“நீங்கள் செய்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை, மிஸ். அக்கா கேட்டவ, நீங்கள் செய்தனீங்கள். நான் உங்கட இடத்தில நிண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். ஆனா உங்களைக் காணேக்க எனக்கு அந்த மாசங்கள்தான் நினைவு வருது. நீங்களெல்லாம் அவவோட இருந்திருக்கிறீங்கள். நான் இஞ்சை சீமெந்து குழைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன்.”

அக்கா உம்மைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தவ என்று சொல்லியிருக்கலாம். அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால் அவனுடைய நோவு குறையவில்லை. ஓம் தம்பி என்றேன்.

பிள்ளைக்கு வெயில் படுகிறது என்று சொல்லி, அதன் தலையில் தன் லேஞ்சியை விரித்துப் போட்டுக்கொண்டு அவன் நடந்தான். வளைவில் திரும்பும்போது பிள்ளை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு படகுக்கு ஆட்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் துறைக்குப் போய், ஓரமாக ஒரு இடம் பார்த்து இருந்தேன்.